கதவுப் பல்லக்கு

என் தங்கை கடற்கரையில்தான் கல்யாணம் கட்டிக்கொள்வேன் என்று சொன்ன அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா சோத்துப் பானையை அப்படியே மூடிவைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் சிரித்தேன். பத்துப் பன்னிரண்டு வருசமாக மேடையேறிப் பேசிப் பழகிய வாய், அப்படித்தான் சிரிக்கும்.

தங்கை சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்கிற ஒருத்திக்குக் கோவாவில் கல்யாணம், இன்னொருத்திக்குத் தாய்லாந்தில். இதையெல்லாம் பார்த்துவிட்டு அவளும் ஒரு நோட்டு போட்டிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் துணித்துண்டு ஒட்டியிருந்தது. மயில் நீலம், பவழச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை. பெண் வீட்டார் எல்லாரும் நீலம், மாப்பிள்ளை வீட்டார் மஞ்சள், கீற்றுத் தோரணம், இளநீர், அலைக்கு இருபதடி தள்ளி நாற்காலி என்று எழுதி எதிரே செலவுக் கணக்கும் போட்டிருந்தாள்.

"பணக்காரன் வெளையாட்டுடி இது. நம்ம ஜனம் ஒரு நாள் கூலிய விட்டுட்டு வந்து மணல்ல உக்காந்து காத்து வாங்கணுமா?" என்றேன்.

அவள் நோட்டை மூடாமலே சொன்னாள்: "யக்கா, நம்ம வீட்ல கல்யாணம்னா மொதல்ல வர்றது பயந்தான். எந்த மூலைல மறிப்பான், எவன் குடிச்சிட்டு வந்து சீரியல் பல்ப ஒடைப்பான்னு. சித்தப்பா கல்யாணத்துல நான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிக்கினு இருந்தேன். எனக்கு அது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு. கடல்கிட்ட ஊர்த்தெரு கெடையாது. ஒரே ஒரு நாளு பயப்படாம இருக்கணும்னு நெனைக்கிறேன். தப்பா?"

என் சிரிப்பு அதோடு நின்றது.

எங்கள் ஊரில் காலனிக்குப் போகிற தார்ரோடு ஊர்த்தெரு வழியாகத்தான் போகிறது. அம்மா 1985இல் கல்யாணமாகி வந்தபோது வாடகைக் காரை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். காருக்குள் பொண்ணு மாப்பிள்ளையாக உட்கார்ந்துகொண்டு தெரு வழியாகப் போகக் கூடாது, அவ்வளவுதான். அம்மாவைக் கல்யாணப் புடவையோடு வாய்க்கால் வரப்பில் நடத்திக் கூட்டி வந்தார்கள். நடவு முடிந்த நேரம், வரப்பெல்லாம் சேறு. முழங்கால்வரை சேறோடுதான் புகுந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தேன் என்று அம்மா சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அது கோபப்பட வேண்டிய கதை என்பதே எனக்குக் காலேஜில் எம்.ஏ. தமிழ் படிக்கிறபோதுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஹட்டனின் புத்தகத்தைப் படித்தேன். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய அதிகாரி அவர். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கசாதியார் ஆதிதிராவிடர்களுக்குப் போட்ட எட்டுத் தடைகளை அதில் வரிசையாகக் கொடுத்திருக்கிறார். தங்கம், வெள்ளி போடக் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் மேலுக்குத் துணி போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. அடுத்த வருசம் ஜூனில் எட்டு பதினொன்றானது. அதில் ஒன்று கல்யாணத்துக்கென்றே போட்டது: ஊர்வலத்தில் குதிரை ஏறக் கூடாது, எந்த வண்டியும் கூடாது, வேண்டுமானால் உங்கள் வீட்டுக் கதவைக் கழற்றி அதையே பல்லக்காக்கிக் கொள்ளுங்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு குடிசைக்கு இருக்கிறது ஒரே கதவு. அதைக் கழற்றி, அதன்மேல் பொண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்து மறுபடி மாட்ட வேண்டும். அந்த ராத்திரி அவர்கள் திறந்த வீட்டிலா படுத்திருப்பார்கள்? இது எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லை.

இதெல்லாம் பழங்கதை என்று யாராவது சொல்வார்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் அமலுக்குக் கொண்டுவந்தபோது, தலித்துகளின் கல்யாண ஊர்வலத்தைத் தடுப்பது, குதிரையில் போவதைத் தடுப்பது, பொது இடத்தில் புதுத்துணி போட்டு நடப்பதைத் தடுப்பது எல்லாவற்றையும் தனித்தனியே குற்றம் என்று எழுத வேண்டியிருந்தது. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டத்தில் வரி சேர்ப்பதில்லை. தங்கை நோட்டில் ஒட்டியிருந்த மயில் நீலத்துக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் இப்படியொரு முன்கதை இருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த நான்தான் சிரித்தேன்.

ஆகவே இடம் பார்க்க அவளோடு நானும் கிளம்பினேன். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். திண்டிவனத்திலிருந்து செங்கல்பட்டு போய் இறங்கி, அங்கிருந்து மாமல்லபுரம் பஸ். செங்கல்பட்டில் நிற்கும்போது என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணை, அங்கே பஞ்சமி நிலம் கேட்டு நம்ம ஜனம் போராடியது, அதையொட்டி 1994 அக்டோபர் 10 அன்று இந்தச் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தது எல்லாவற்றையும் சொன்னேன். 1892இல் வெள்ளைக்காரன் நமக்கென்று ஒதுக்கிய நிலம் கைமாறிக் கைமாறிப் போன கதையையும் சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "யக்கா, திரும்பி வரும்போது மிச்சத்தைச் சொல்லு" என்றாள்.

அந்த ஓட்டல் பெயர் இங்கே வேண்டாம். வாசலில் பிளாஸ்டிக் தென்னை மரம் வைத்திருந்தார்கள், நிஜத் தென்னை மரத்துக்குப் பக்கத்திலேயே. மேனேஜர் ஆல்பத்தைத் திறந்து காட்டினார். மாப்பிள்ளை பொண்ணு கைகோத்து நிற்க, பின்னால் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. வங்கக் கடலில் சூரியன் இறங்கி நான் பார்த்ததில்லை. எந்தக் கரையில் எடுத்த படமோ. ஒரு இலைக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு, மாப்பிள்ளை குதிரையில் வர இவ்வளவு என்று சொல்லிக்கொண்டே போனார். குதிரை என்றதும் எனக்கு ராமநாதபுரம் ஞாபகம் வந்தது. காசு கொடுத்தால் குதிரை. சரி, அதுவும் ஒரு முன்னேற்றந்தான்.

தங்கை பறை வேண்டும் என்றாள். அவர் பேனாவை வைத்துவிட்டு, "பறை வேணாம் மேடம். சாவுக்கு அடிக்கிற மாதிரி இருக்கும். மத்த கெஸ்டெல்லாம் சங்கடப்படுவாங்க. செண்டை மேளம் பேக்கேஜ்லயே வருது" என்றார். அடுத்த கேள்வி: "நீங்க என்ன கம்யூனிட்டி? சடங்குக்காகக் கேக்குறோம், வேற ஒண்ணும் இல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை நோட்டை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். வாசலைத் தாண்டி வருகிறவரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம், "இங்கயும் ஒரு ஊர்த்தெரு இருக்குதுக்கா" என்றாள்.

அன்றைக்கு மாசி மகம். நாங்கள் அதை நினைத்துக்கொண்டு போகவில்லை, தேதி அப்படி அமைந்துவிட்டது. அலைவாய்க்கரைக்குப் போனால் கரை முழுக்க ஜனம். இருளர்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம், கடலூர்ப் பக்கமிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து மணலில் தங்கியிருந்தார்கள். குச்சியை நட்டுப் பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டினால் ஒரு வீடு. சிவப்பு, பச்சை, ஊதா, பூப்போட்டது, கட்டம் போட்டது என்று கண்ணுக்கெட்டிய தூரம் புடவை வீடுகள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன கன்னியம்மாவைத் திரும்ப அழைக்க வருகிறார்கள். ராத்திரி கரையில் படுத்திருந்து, விடியக்காலையில் மணலில் படி கட்டிப் பூசை போட்டு, மொட்டையடிப்பது, காது குத்துவது, பொண்ணு பேசுவது, தாலி கட்டுவது எல்லாம் அங்கேயே முடிகிறது.

மறுநாள் விடியலில் நாங்களும் நின்று பார்த்தோம். மாப்பிள்ளைக்கு இருபத்திரண்டு வயசிருக்கும். மஞ்சள் கயிற்றைக் கட்டும்போது அலை வந்து அவன் காலை நனைத்துவிட்டுப் போனது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. சுற்றிலும் காமிராக்காரர்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீண்ட குடும்பங்கள் இந்த ஜனத்தில் எத்தனையோ உண்டு, அதைப் படம் பிடிக்க இத்தனை பேர் வந்ததில்லை. வேடிக்கை பார்த்தவர்களில் நாங்களும்தான் இருந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தங்கை நோட்டைத் திறந்து வெள்ளை நாற்காலியை அடித்தாள். எதிரே 'புடவைப் பந்தல்' என்று எழுதினாள். "அம்மா புடவ, ஆயா புடவ, பெரிம்மா புடவ. இருக்கற கலரெல்லாம் போதும்." மாசி மகம் அவர்களுடைய நாள், அதில் நாம் போய்க் கூட்டம் போடக் கூடாது, அதற்கு முந்தின பௌர்ணமி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஐப்பசி, கார்த்திகையில் மழை, புயல் என்று நம்ப முடியாது. தை என்றால் காற்று சுகமாக இருக்கும். பௌர்ணமி அன்று மேற்கே சூரியன் இறங்குகிற நேரத்துக்குக் கிழக்கே கடலிலிருந்து நிலா ஏறும். ஓட்டல்காரன் ஆல்பத்தில் இல்லாத படம் இது.

அம்மாவுக்கு இதில் ஒன்றும் ஒட்டவில்லை. அவள் கணக்கு வேறு. அவளிடம் மொய் நோட்டு இருக்கிறது. இருபத்தைந்து வருசமாக யார் யார் வீட்டுக்கு எவ்வளவு எழுதினோம் என்பது அதில் இருக்கிறது. ஐம்பது, நூறு, ஒரு மரக்கால் அரிசி, ஒரு ரவிக்கைத் துணி. எங்கள் ஜனத்துக்கு மொய் என்பது பாங்கி மாதிரி. போட்டவள் தன் வீட்டு விசேஷத்தில் எடுப்பாள். "நூறு பேர மட்டும் கூப்புடுவாளாம். மீதி எரநூறு பேருக்கு நான் எப்ப மொகத்தக் காட்டறது?" என்றாள். குதிரை விசயத்தைச் சிரிப்புக்குத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "பாக்கறதுக்கு ஊர்க்காரன் இல்லாத எடத்துல குதிர மேல போயி இன்னாத்துக்குடி? மீனு பாக்கவா?"

நான் படித்த புத்தகம் எதுவும் இந்த விசயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. தங்கை பயமில்லாத இடத்தைத் தேடுகிறாள். அம்மாவோ பயம் இருக்கிற இடத்திலேயே ஒரு தடவை நிமிர்ந்து நடந்து காட்ட வேண்டும் என்கிறாள். யார் பக்கம் நிற்பது? அம்மா பக்கம்தான் அரசியல் என்று கூட்டத்தில் சுலபமாகச் சொல்லிவிடுவேன். ஆனால் அந்தத் தெருவில் நடக்கப் போகிறது நான் இல்லை, கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த பிள்ளை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். மாப்பிள்ளை கோயமுத்தூர்ப் பக்கம், அருந்ததியர். எங்கள் தெருவிலேயே முணுமுணுப்பு கிளம்பியது. "நம்மளவிட" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்ட வாக்கியங்கள் எத்தனையோ கேட்டேன். மேலே இருக்கிறவன் நமக்குச் செய்ததை நாம் பக்கத்தில் இருக்கிறவனுக்குச் செய்கிறோம். கடற்கரை என்றால் இந்த வாய்களுக்கும் சேர்த்துத் தப்பித்துவிடலாம் என்று தங்கை நினைத்தாளா என்று கேட்டேன். "ஆமா" என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். இடத்தைச் சொன்னதும் அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பிணம் எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளிகளை நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோனார்களே, அதில் அவரும் ஒருவர். செத்தவர்களை எடுக்க இவர்கள் வேண்டும். பிழைத்தவர்கள் முகாமில் தலித்துகள் பக்கத்தில் படுக்கக் கூடாது என்று தள்ளிவைத்ததும் அதே நாகையில்தான். அப்போது வந்த அறிக்கைகளில் இருக்கிறது. அவர் அதையெல்லாம் பேசவில்லை. "வாரனுங்க அம்மிணி. பையன் கண்ணாலம், வராம இருப்பனா? மணல மட்டும் நோண்ட வேண்டாமுங்க. பந்தக்காலுக்குன்னு கூடக் குழி போட வேண்டாம்" என்றார்.

அதனால் பந்தலுக்குக் குழி கிடையாது. பெயிண்ட் டின்களில் கருங்கல் ஜல்லி போட்டு, அதில் சவுக்குக் கம்பை நிறுத்தி, புடவைகளைக் கட்டப் போகிறோம். மதியத்துக்கு மேல் கடல்காற்று பிடித்தால் புடவை பாய்மாதிரி உப்பிக்கொண்டு டின்னையே இழுக்கும். நடுநடுவே காற்றுப் போக இடம் விட்டுக் கட்ட வேண்டும் என்று மேஸ்திரி வேலை பார்க்கிற பெரியப்பா மகன் சொன்னான். மல்லிப்பூ உப்புக்காற்றில் சீக்கிரம் துவண்டுவிடும் என்பதால் சாமந்தியும் கோழிக்கொண்டையும். தைக்குப் பிறகு ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம், பெரிய லைட் போட்டால் அதுகளுக்கு ஆகாது. முகம் தெரிகிற அளவுக்கு விளக்கு போதும். மாட்டுக்கறி பிரியாணி எங்கள் சித்தி பொறுப்பு. ஓட்டலில் கல்யாணம் வைத்திருந்தால் அதற்கும் ஒரு முகச்சுளிப்பைப் பார்த்திருப்போம்.

இடத்துக்கு யாரைக் கேட்பது? அலை ஏறுகிற கோட்டுக்குக் கீழே இருக்கிற மணல் யாருக்கும் பட்டா இல்லை, புறம்போக்கு. ஆனால் கரையில் வாழ்கிறவர்கள் மீனவர்கள். அவர்களைக் கேட்காமல் செய்வது மரியாதை இல்லை. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவரைப் போய்ப் பார்த்தோம். அவர் வலை பிரித்துக்கொண்டே கேட்டார்: "எந்த ஊரும்மா? ஊர்ல எந்தப் பக்கம்?"

"காலனி" என்றாள் தங்கை. நான் சுற்றி வளைத்து ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவர் கை நின்றது. பிறகு மறுபடி வலையைப் பிரித்தார். "செய்ங்கம்மா. படகு ஏத்துற எடத்துல வேணாம், வலை காயற எடத்துல வேணாம். கோயிலுக்குத் தெக்கால தள்ளிப் போட்டுக்கங்க" என்றார். தெற்கால மணல் அகலமாகத்தான் இருக்கிறது, படகும் இல்லை. அவர் வலைக்காகச் சொன்னாரா, எங்களுக்காகச் சொன்னாரா? அவர் கை நின்றது அந்தச் சிக்கலுக்காகவா, காலனி என்ற சொல்லுக்காகவா? இதுவரை எனக்குப் பிடிபடவில்லை. தங்கை, "நல்ல மனுசன்க்கா" என்றாள். இருக்கலாம்.

ஐயர் கிடையாது. 1928இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த கல்யாணத்தில் தொடங்கியது, 1967 திருத்தத்தில் சட்டமானது. உறவுக்காரர்களோ சிநேகிதர்களோ முன்னால் இருக்க, இருவரும் தமக்குப் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லலாம், மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். எந்த இடத்தில் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பறை உண்டு, எங்கள் ஊர்ப் பிள்ளைகளே அடிக்கிறார்கள்.

அம்மா கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். பௌர்ணமிக்கு மறுநாள் பொண்ணு மாப்பிள்ளை ஊருக்கு வர வேண்டும். மூன்று வேன் ஜனமும் எல்லையில் இறங்கி, பறையோடு ஊர்த்தெரு வழியாகக் காலனிக்கு நடந்து வர வேண்டும். மொய் அன்றைக்கு, சாப்பாடு அன்றைக்கு. தங்கை இரண்டு நாள் யோசித்தாள். மாப்பிள்ளையிடம் பேசினாள். "சரி, ஆனா நடந்துதான் வருவோம். குதிர வேணாம்" என்றாள். பயமில்லையா என்று நான் கேட்கவில்லை. அவள் நோட்டில் கடைசிப் பக்கத்தில் ஒரு நீலத் துண்டை ஒட்டி, 'ஊர்வலத்துக்கு, எல்லாருக்கும்' என்று எழுதியிருந்தாள்.

போன வாரம் போலீஸ் ஸ்டேஷனுக்கு மனு எழுதினேன். ஒரு நகல் கலெக்டருக்கு. ஊர்வலம் போகும் வழி என்ற இடத்தில், ஊர் எல்லை, மாரியம்மன் கோயில் முனை, பெரிய தெரு, பால் சொசைட்டி, காலனி என்று வரிசையாக எழுதிப் படித்துக் காட்டினேன். அம்மா கேட்டாள்: "வாய்க்கா வரப்புன்னு எங்கனா எழுதிக்கிறியா?"

"இல்லம்மா."

"மறுக்காப் படி."

படித்தேன். கீழே மனுதாரர் என்ற இடத்தில் என் பெயரை எழுதப் போனேன். அம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். முப்பது வருசத்துக்கு முன்னால் அறிவொளி இயக்கத்தில், லாந்தர் வெளிச்சத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடிக்க நேரமாகும். நான் காத்திருந்தேன்.